அத்தான் வீட்டுப் பின்பக்கத்துக் குழி

என் அக்காவின் கணவர் பால் வண்டி ஓட்டுகிறவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர். வழியில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய் அதனிடம் நியாயம் பேசுவார். இந்த உத்தமர் புண்ணியத்தில்தான் நான் பல வருடம் திருடன் பட்டத்தோடு திரிந்தேன்.

எல்லாம் ஒரு சுவர்க் கடிகாரத்தால் வந்த வினை. அக்கா கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. கால் மணிக்கொரு தரம் அது போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். விடியும் முன்பே வண்டி எடுக்க வேண்டிய அத்தானுக்குச் சாயங்காலமே படுத்தாக வேண்டும். ஆனால் மாமனார் கொடுத்ததை நிறுத்தி வைப்பதாவது! பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், அக்கா வெளியே போயிருந்த ஒரு நாள் அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டார்.

அக்கா வந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். அத்தான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் "திருட்டு!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். திறந்த வாயை அத்தான் அப்போது மூடியவர்தான். அன்று காலையில் அங்கே வந்துபோனது நான். அப்போது எனக்கு வேலைவெட்டியும் இல்லை. அப்பாவுக்கு அது போதாதா? அதன்பிறகு நான் கூடத்துக்குள் நுழைந்தாலே மேஜைமேல் இருக்கும் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில்தான் தொல்லியல் ஆய்வாளர் அம்மா ஒருவர் தெருவுக்கு வந்தார். எங்கள் தெரு இருக்கும் இடத்தில் பழைய காலத்தில் செங்கல் சூளை இருந்ததாம். வீட்டுக்கு ஒரு குழியாக, தெருக்காரர்களே தோண்டிப் பார்க்க வேண்டுமாம். எப்படித் தோண்டுவது என்று எல்லோருக்கும் வகுப்புகூட எடுத்தார். ஆளுக்கு ஆள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். மூலைவீட்டுத் தையல்காரர் மண்ணிலிருந்து ஒரு பித்தானை எடுத்து ராஜா காலத்தது என்று ஊரெல்லாம் காட்டினார். அவர் கடையில் அதே பித்தான் அட்டை அட்டையாகத் தொங்கியது. அக்காவோ கிடைத்த ஓட்டுத் துண்டையெல்லாம் அத்தானின் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள்.

அக்கா வீட்டு முறை வந்தது. சிமெண்டும் மர வேரும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஆய்வாளர் பூந்தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு முளை அடித்தார். அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வகுப்பில் ஒழுங்காகக் கேட்ட பாடம் கைகொடுக்கும் என்று நினைத்தார்.

"மேடம், இங்க வேணாம். இது ஏற்கெனவே கிளறின மண்ணு. கிளறின மண்ணுல எது எந்தக் காலம்னு சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆய்வாளர் மேல்மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். நிஜமாகவே அங்கே மட்டும் வேறு நிறம்.

"அடேங்கப்பா, என்ன கண்ணு சார் உங்களுக்கு! யாரோ குழி வெட்டி மூடியிருக்காங்க. சும்மாவா மூடுவாங்க? உள்ள எதையோ வெச்சிருக்காங்க. கட்டாயம் இங்கதான் தோண்டணும்."



தெருவே வந்து நின்றது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கொத்துக் கரண்டி எதிலோ 'டக்'கென்று பட்டது. தாளைப் பிரித்தாள்.

"அப்பா, நம்ம கடிகாரம்!"

"திருடினவன் இங்கயே புதைச்சுட்டு, அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு இருந்திருப்பான்" என்றார் தையல்காரர். அத்தனை கண்ணும் என்மேல் திரும்பின. அன்றைக்குப் பட்ட அவமானம் போல் என்றைக்கும் பட்டதில்லை.

அத்தான் பேசாமல் இருந்திருந்தால் பழி என்னோடே போயிருக்கும். அவர் குழிக்குள் இறங்கி, கடிகாரத்தைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தார்.

"மாமா, மச்சான் எடுக்கல. நான்தான் புதைச்சேன். தூங்க முடியல மாமா."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா.

அப்பா அசையவே இல்லை. "தெரியும் மாப்பிள்ளை. அன்னிக்கே உங்க நகத்துல மண்ணு இருந்துச்சு."

"அப்ப எதுக்குப்பா என்னைத் திருடன்னீங்க?"

"மாப்பிள்ளையைப் போய்க் கேக்க முடியுமாடா? அவர் மரியாதை என்ன ஆகும்? அக்காகாரி ஊரைக் கூட்டிட்டா, யாரையாவது கேட்டுத்தானே ஆகணும். உன்னைன்னா கேக்கலாம்."

"அப்ப, நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் புள்ளையை எனக்குத் தெரியாதா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கியிருந்தேன். அது வந்தபோது தெரு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பெற்ற அப்பாவை அடிக்கவா முடியும்? அத்தானை நாலு சாத்துச் சாத்தலாம் என்று குழிக்குள் குதித்தேன். அவர் அடி வாங்கத் தயாராகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, மிதிக்காதீங்க! காலுக்குக் கீழ செங்கல் வரிசை! சூளை, சூளை!" என்று ஆய்வாளர் அம்மா அலறினார். நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.