புகை போக ஒரு வழி

என் அப்பாவுக்குப் புகையைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஈப்போவிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நாங்கள் இருந்தோம். எங்கள் தோட்டம் என்றுதான் வாய் நிறையச் சொல்வோம். உண்மையில் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டின் கதவுத் தாழ்ப்பாள்கூட எங்களுடையது இல்லை. அம்மா பால் வெட்டினாள். அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. பாலை உறைய வைத்து, மெஷினில் தள்ளி எடுத்த ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் விறகுப் புகை காட்டிக் காய வைக்கிற கட்டடம் அது.

புகை கூடினால் ஷீட்டு கறுத்துப் போகும். சூடு கூடினால் கொப்புளம் வரும். ஈரம் வெளியே போகாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் அப்பா இருந்தார். புகைவீட்டுக் கூரையில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கும். கீழேயிருந்து கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எதை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அப்பாவின் கைக்குத் தெரியும். மழை இருட்டினால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவார். காய்ந்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேன் நிறத்தில் பளபளப்பதைப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுவார்.

"பொகைக்கு வெளிய போக வழி குடுக்கணும். இல்லன்னா உள்ள இருக்கறது கெட்டுப் போயிரும்" என்பார். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

புகைவீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் லயம். எழுபதுகளில் லயத்து வீடுகளை யாராவது வந்து பார்த்திருந்தால், முன்பக்கம் சுண்ணாம்பு அடித்துப் பார்வையாகத்தான் இருந்திருக்கும். பின்பக்கம் ஒட்டி இறக்கிய தகரக் கூரைக்குக் கீழேதான் குசினி. சிமெண்டுத் திண்டின் மேல் மண் அடுப்பு. கால்வாய் பக்கம் பார்த்த ஒரே ஒரு பலகை ஜன்னல். அதைத் திறந்தால் காற்று அடித்து அடுப்பு அணையும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே குதிக்கும். அதனால் அது பெரும்பாலும் சாத்தியே இருக்கும். கூரையில் எந்த ஓட்டையும் கிடையாது.

விறகுக்கு மட்டும் பஞ்சமில்லை. பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நடுகிற காட்டில் கித்தா விறகு வேண்டிய மட்டும் கிடக்கும். அம்மா பால் வெட்டி முடித்து, வாளிப் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வரும்போது தலையில் ஒரு கட்டு விறகோடு வருவாள். நன்றாகக் காய்ந்த கித்தா விறகு ஒழுங்காக எரியும். ஆனால் எங்கள் ஊரில் சாயங்கால மழை காய விட்டால்தானே. ஈர விறகு சீறும், நுரைக்கும், புளித்த வாடை அடிக்கும், எரிய மட்டும் எரியாது. அதற்கு லயம் முழுக்க ஒரே வைத்தியம் வைத்திருந்தார்கள்: ஒட்டுப்பால். மரத்தின் வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்துபோகும் ரப்பர் நாடா அது. தோட்டத்துச் சொத்து, எடை போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஆனாலும் எல்லாப் பெண்களின் மடியிலும் கொஞ்சம் வீட்டுக்கு வரும். ஒரு துண்டைப் பற்ற வைத்து விறகுக்கு அடியில் சொருகினால் எந்த ஈரமும் பிடித்துக்கொள்ளும். கூடவே கறுப்புப் புகை கிளம்பும். நூல் நூலாகக் கரி மேலே போய், சுற்றிவிட்டுச் சோற்றில் இறங்கும்.

அந்தப் புகையைக் கெட்டது என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. கொசுவை விரட்டும், அடுப்புக்கு மேலே கட்டிய கருவாட்டைப் புழு அண்டாமல் வைக்கும். காலையில் கூரை இடுக்கிலிருந்து புகை வராத வீட்டைப் பார்த்தால்தான், பாவம், அங்கே என்ன கஷ்டமோ என்று பேசுவார்கள். விடிகிற நேரத்தில் எல்லா வீட்டுப் புகையும் புகைவீட்டுப் புகையும் சேர்ந்து லயத்தின் மேலேயே படுத்துக் கிடக்கும். துவைத்துப் போட்ட பள்ளிக்கூடச் சட்டையை உதறிவிட்டுத்தான் போட்டுக்கொள்வோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எல்லாருக்கும் வந்ததால் மூக்கு என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

நாங்கள் குசினிக்குள் போனால் அம்மா முதலில் சொல்வது ஒன்றுதான். "கீழ ஒக்காருங்க. பொகை மேலதான் நிக்கும்." நாங்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே கண் எரியாது. அம்மா மட்டும் அடுப்புத் திண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், கழுத்துக்கு மேலே புகைக்குள். தரையிலிருந்து பார்த்தால் அவளுடைய சேலையும் கையும் தெரியும், முகம் சரியாகத் தெரியாது. என் சின்ன வயதின் அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் அந்தக் கைதான் வருகிறது.

இருமல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மாதம் ஒரு முறை சாமியார் வந்து தோட்டத்துச் சின்னக் கோயிலில் பூசை வைப்பார். தூபக்காலை ஆட்டத் தொடங்கியதுமே அம்மா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வார்.

"தூபத்தப் பாத்தா ஓடுறியே, ஒனக்குள்ள என்னா இருக்குன்னு சாமியார்கிட்ட சொல்லிப் பாக்க வேண்டியதுதான்லா."

அம்மாவும் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் நிற்கும்வரை கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

எண்பதுகளில் நான் ஈப்போவில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே புந்தோங்கில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மா கொஞ்சம் குறைந்திருப்பாள். முதலில் விறகுக் கட்டு சின்னதாயிற்று. அப்புறம் மேட்டுக் காட்டில் தன் பங்குக்கு இருந்த மர நிரையைக் கங்காணியிடம் கெஞ்சிப் பள்ளத்துக்கு மாற்றிக்கொண்டாள். கடைசியில் ஊதாங்குழல். அடுப்பை ஊதுகிற அந்த இரும்புக் குழாயை வாயில் வைத்து ஒரு மூச்சு விட்டாலே நெருப்புச் சிவக்கும், என் அம்மாவுக்கு. அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் சிவப்புத் தண்ணி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். டீபியாக இருக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திக்கொண்டார். அம்மா அவரைக் குறை சொல்லவில்லை. தன் கோப்பையைத் தானே தனியாக எடுத்து வைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த வாரமே அப்பாவையும் இழுத்துக்கொண்டு அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

சளியைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். டீபி இல்லை. டாக்டர் இளவயதுக்காரர், மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். அம்மாவிடம் மூச்சை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சும் விட்டு ஊதச் சொன்னார். அம்மா அதை இரண்டு கையாலும் ஊதாங்குழல் மாதிரியே பிடித்துக்கொண்டு ஊதினாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. மறுபடி ஊதினாள். அப்புறம் வெட்கத்தோடு என் பக்கம் திரும்பி, "வீட்ல இதவிட நல்லா ஊதுவேன்னு சொல்லு" என்றாள்.

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, எத்தனை வருஷமாக ரொக்கோ பிடிக்கிறார் என்று கேட்டார். மலாயில் கேட்டாலும் ரொக்கோ அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"சீரெட்டா? நானா?" என்று சிரிக்கப் போய், இருமி, பெஞ்சில் சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் எதில் சமைக்கிறார்கள் என்று கேட்டார். கித்தா விறகு என்றேன். ஒட்டுப்பாலைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, அந்தப் புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும். புகை என்று பேச்சு எடுத்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட விடமாட்டார். கயிறு, கதவு, சூடு, ஈரம் என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்கோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

"ஜன்னல் ஒன்னு இருக்கு" என்று அப்பா தரையைப் பார்த்துத் தமிழில் சொன்னார். நான் அதை மலாயில் சொன்னேன்.

கெட்டுப்போன இடம் திரும்பி வராது, இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். மூச்சுக்கு மருந்து கொடுத்தார். பஸ்ஸில் அம்மா என் தோளில் தூங்கினாள். அப்பா எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா வேலைக்குப் போகவில்லை. என் நினைவு தெரிந்து அவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் புகைவீட்டை விட்டது அது முதல் தடவை. தகரம் வெட்டுகிற கத்தரியும் ஏணியும் இரவல் வாங்கிவந்து குசினிக் கூரை மேல் ஏறினார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து கேட்டார்.

"என்னண்ணே, தோட்டத்து வூட்டப் பிரிக்கிறீங்க? தொரைக்குத் தெரியுமா?"

"போய்ச் சொல்லு" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

அடுப்புக்கு நேர் மேலே சதுரமாக வெட்டினார். அதற்கு மேல் ஒரு துண்டுத் தகரத்தை நாலு பக்கமும் இடைவெளி விட்டுக் குடையாக நிறுத்தினார். மழைக்கு மூட ஒரு பலகைக் கதவு, அதற்கு ஒரு கயிறு. புகைவீட்டில் இருந்த அதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சின்னது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

கீழே இறங்கி அவரே அடுப்பைப் பற்ற வைத்தார். ஒட்டுப்பாலை எடுத்து வெளியே எறிந்துவிட்டுச் சுள்ளியால் பற்ற வைத்தார். புகை எழுந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு நேராக மேலே போனது. ஓட்டை வழியாக வெயில் குசினிக்குள் வந்தது. அந்தச் சுவர்கள் எவ்வளவு கறுப்பு என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். தார் பூசினதுபோல் இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

"ஏ புள்ள, இங்க வந்து பாரேன்" என்று அப்பா கூப்பிட்டார். குரலில் ஆசை இருந்தது, பயமும் இருந்தது.

அம்மா முன்னறையில் படுத்திருந்தாள். ஒரு கை சுவரிலும் ஒரு கை என் தோளிலுமாக நடந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்று, வழக்கம்போல் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு கையை இறக்கினாள். அடுப்பைப் பார்த்தாள். புகை போகிற வழியே அண்ணாந்து பார்த்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அந்தக் குசினியில் அம்மாவின் முகத்தை முழுசாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இம்புட்டுதானாங்க?" என்றாள்.

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அப்பா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிப் படுக்கைக்குத் திரும்பிப் போனாள்.

அந்த ஓட்டைக்குக் கீழே அவள் ஒரு நாள்கூடச் சமைக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின மழைக்காலத்தில் போய்விட்டாள். கடைசி நாள்களில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினாள். பக்கத்து வீட்டு அக்காதான் முதுகைத் தடவிக்கொண்டு கூடவே இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி அந்த அடுப்பில்தான் கொதித்தது. குசினியில் நின்ற பெண்கள், கண்ணே எரியலியே என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிப் புந்தோங்கில் வாடகை வீட்டில் இருந்தபோது, அப்பாவை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். ஒரு நாள் சம்பலுக்குக் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டேன். கேஸ் அடுப்புதான், ஆனாலும் நெடி ஏறிவிட்டது. மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா இருமினார்.

"ஜன்னலத் தொறந்து விடும்மா. பொகை வெளிய போவட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அடுப்பை அணைத்தேன். அத்தனை வருஷம் உள்ளே நின்றது வெளியே வந்துவிட்டது.

"அம்மாவுக்கு ஏம்ப்பா முன்னாடியே செஞ்சு குடுக்கல? அர நாள் வேலதானே?"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அவ ஒரு நாளும் கேக்கலயேம்மா" என்றார்.

"ஷீட்டு மட்டும் கேட்டுச்சா?"

அவர் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் என்னைத் தாண்டி, ஜன்னலை அவரே திறந்துவிட்டுப் போனார்.