தலையாட்டாத வைத்தியச்சி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் காம்பராவுக்குத்தான், அந்த ஒற்றை அறை வீட்டுக்குத்தான், வந்தது. அந்தப் பெருமையை நான் ஒரு செம்புத் தண்ணீரில் முடித்துவைத்ததை வீட்டில் இன்றும் யாரும் மறக்கவில்லை. முக்கியமாகச் சித்தப்பா மறக்கவில்லை. இப்போது பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் சொந்தக் கடை வைத்து, தொப்பையும் வைத்திருக்கிறார். நான் கடைக்குப் போனால் போதும், "இவகிட்ட யாரும் தண்ணி கிண்ணி குடுத்துறாதீங்க" என்று வந்தவர்களையெல்லாம் எச்சரிப்பார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருந்தோம். சித்தப்பா அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய பெட்டியைத் தட்டிக்கொட்டி உயிர் கொடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். குண்டு மானிட்டர், பாதி எழுத்து அழிந்த கீபோர்ட், உள்ளே ஒரே ஒரு கேம்.

பூதம் பிடித்த ஊரை மீட்க நாலு பேர் கூட்டாகப் புறப்படுகிறார்கள். வாள்வீரன்தான் தலைவன். கூடவே ஒரு வில்காரன், ஒரு மந்திரவாதிக் கிழவன், அடிபட்டு விழுந்தவர்களை மருந்து கொடுத்துத் தூக்கிவிடும் ஒரு வைத்தியச்சி. பெயர் வைக்கும் வேலை எனக்கு. வாள்வீரனுக்குச் சித்தப்பாவின் பெயரை வைத்தேன், வில்காரனுக்கு என் பெயர், வைத்தியச்சிக்கு அம்மாவின் பெயர். மிச்சமிருந்த கிழவனுக்கு அப்பாவின் பெயர். அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதே மாதம் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மலையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு, பாரம் தூக்க முடியாமல் போயிருந்தார். அம்மா கொழுந்து எடுத்துக் கொண்டுவரும் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. அவள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவது என்று முடிவானது. டவுனிலிருந்து ஏஜென்ட் மூன்று தடவை வந்தார். "போறீங்கதானே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். முதல் இரண்டு தடவை அம்மா தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை எல்லாரும் அவள் முகத்தையே பார்க்க, மெதுவாகத் தலையாட்டினாள். எனக்கு வெளிநாடு என்றால் சாக்லேட் வருகிற இடம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமில் எங்கள் கூட்டம் ஒரு கல்வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாசல் முழுக்க இங்கிலீஷ். சித்தப்பா படித்துச் சொன்னார்: ஒருவர் உயிரைக் காவு கொடுத்தால் மற்ற மூவரும் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் எல்லாருக்கும் வழி அடைப்பு.

"வைத்தியச்சிய விட்ருவோம் பாப்பா. அவ சண்ட போடமாட்டா. நமக்கு நஷ்டமில்ல" என்று சொல்லி மவுஸைக் கொண்டுபோனார்.

நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அது அம்மா, சித்தப்பா!"

"அட, பேருதானே அம்மா பேரு? இது வெளயாட்டு."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா சரின்னுதான் சொல்லுவா. அவ கொணம் அப்படி."

"அப்ப தண்ணி தெளிங்க. தலயாட்டட்டும், பாப்போம்."

இதை விளக்க வேண்டும். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மெஷின்களுக்குக் காவல் ரோதைமுனி. வருஷத்துக்கு ஒரு கடா அவருக்கு. ஆனால் எப்பேர்ப்பட்ட முனியானாலும் கடாவின் சம்மதம் இல்லாமல் வெட்டக்கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டினால் சம்மதம். ஆட்டாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். அப்புறம் மறுபடி. ஒரு குடத்தையே கவிழ்த்தால் யார்தான் சிலிர்க்கமாட்டார்கள் என்ற சந்தேகம் பெரியவர்கள் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. செம்பில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பெயரைத் தலைக்குமேல் தாங்கி நின்ற அந்தச் சின்ன உருவத்தின்மேல் தெளித்தேன். அது அசையவில்லை. இரண்டாம் தடவையும் அசையவில்லை. "மூணு வாட்டி தெளிக்கணும்" என்று கொஞ்சம் தாராளமாகவே வீசினேன். மானிட்டரின் முதுகில் இருந்த ஓட்டைகள் என் கணக்கில் இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை, திரை இருட்டு.

செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டலயே, அண்ணி" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டி ஒரு பக்கம் தீய்ந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலமே சித்தப்பா அப்பாவிடம், "அண்ணி போகவேணாம்ணே. புள்ளய விட்டுட்டு எப்படிப் போவாங்க? நான் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா எவ்வளவோ தடுத்திருக்கிறார். டவுன் வேலை, அவருக்குப் பார்த்து வைத்திருந்த பெண், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் அவர் ஆறு வருஷம் பாலைவனத்தில் கிடந்தார். நல்லபடியாகத் திரும்பி வந்தார், அந்த மட்டும் பெரிய ஆறுதல். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு.

அவர் புறப்பட்ட காலையில் எல்லாரும் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அம்மா என் கையை விடவே இல்லை. சித்தப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைக் கெடுத்ததற்குத்தான் அவரை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள், பாவம், பழியைத் தானே ஏற்றுக்கொண்டார் என்று நான் நம்பியிருந்தேன். பஸ் கிளம்புகிற வரைக்கும், யாரும் என் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று ரோதைமுனியை வேண்டிக்கொண்டு நின்றேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அம்மாவும் பக்கத்தில் நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டாள். என்னை யாரும் பிடித்துக்கொடுக்கவில்லையே என்ற நிம்மதிதான் அவளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.