கரி சைக்கிளின் ஆயுள்

விடியற்காலையில் அவர் பயிற்சிக்குக் கிளம்புவது என் காதில் விழுந்ததே இல்லை. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு சத்தம் உண்டு. செயின் கவர் உராய்வதை வைத்தே ஷிப்டுக்குப் போவது யார் என்று படுத்தபடி சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரரின் பந்தய சைக்கிள் மட்டும் ஊமை. பாதித் தூக்கத்தில் வாசலில் நின்று பார்த்தால், ஏரிப் பக்கத்துப் பனிக்குள் மனிதர் தரையைத் தொடாமல் மிதந்து போவது போலிருக்கும். அப்படியே போய்விடுவாரோ என்று பயமாகக்கூட இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு போட்டிக்கு வந்த வெளிநாட்டுக்காரர், ஊர் திரும்பும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் அது. கார்பன் ஃபைபர் ஃபிரேம். ஒற்றை விரலில் தூக்கலாம். கார்பன் என்றால் கரிதானே என்று குவார்ட்டர்ஸில் அதற்குக் கரி சைக்கிள் எனப் பேர் வைத்துவிட்டார்கள்.

"இன்னா அண்ணாத்தே, கரி எத்தினி வருசத்துக்கு வரும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

"இரும்பு துருப்புடிச்சு, முனகி, நம்மகிட்ட சொல்லிட்டுதான் ஒடியும். இது சொல்லாது. அடி படாம பாத்துக்கினா நம்ம ஆயுசுக்கும் வரும். நசுங்கிச்சுன்னா அன்னிக்கே காலி" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுவார். டிக் டிக்கென்று ஒரே மாதிரி கேட்டால் நல்லது. எங்காவது மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். எனக்குத் தலைவலி என்றால்கூட இவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்தச் சைக்கிள் மேல் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

பூந்தமல்லியில் பந்தயம். ஜெயித்தால் ஃபேக்டரி அணியில் வெளி மாநிலம் போகலாம். அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதுதான் கடைசி வாய்ப்பு. பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம், அவர் வேலைக்குப் போயிருந்தபோது, எங்கள் மூன்று வயது மகள் அப்பாவின் கறுப்புச் சைக்கிளில் உட்கார வேண்டும் என்று அழுதாள். குழந்தை என்றால் பாரில் சின்ன சீட்டு மாட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். திருவேற்காடு கோயிலுக்கு அப்படித்தான் போவோம். அந்தச் சீட்டை எடுத்துக் கரி சைக்கிளின் பாரில் மாட்டினேன். பிள்ளை விழக்கூடாதே என்று ஸ்பானரால் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்.

பதறிப்போய்க் கழற்றினேன். நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். முந்தானையால் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வந்து சந்தோஷமாகச் சாப்பிட்டார். கோட்டைப் பற்றிச் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல், அவர் சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது வாசலெல்லாம் பனி. அந்தப் பனிக்குள் அவர் போய்விட்டால் திரும்பி வரவே மாட்டார் என்று நிச்சயமாகத் தோன்றியது. காபி டம்ளரோடு வழியை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாணயத்தை எடுத்தார். டிக், டிக், டிக், மொத்.

"நேத்தே சொல்லியிருந்தா வேற சைக்கிளாச்சும் கேட்டிருப்பேனே" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தினமும் வேலைக்குப் போகும் இரும்புச் சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதிலேயே போனார்.

பஸ் பிடித்து நாங்களும் போனோம். கடைசியாகத்தான் வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. மகள் மட்டும் கை தட்டினாள். எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் போகவுமில்லை.

அடுத்த வருஷம் மகன் பிறந்தான். ஒரு நாள் அவர் பரண் மேலிருந்த ஃபிரேமை இறக்கி, ரம்பத்தால் அறுத்தார். நான் இறுக்கிய குழாயை முட்டியில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். முருங்கைக் குச்சி மாதிரி முறிந்தது. கையில் இரண்டு துண்டோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ அன்னிக்கு சொல்லாம இருந்திருந்தா, நான் ஏது, இவன் ஏதும்மே?" என்றார், மகனைக் காட்டி. நான் அழுதுவிட்டேன்.

அடிபடாத கீழ்க்குழாயின் முனைகளில் துணி சுற்றி, சேலைத் தொட்டிலுக்குக் குறுக்குக் கட்டையாக வைத்தார். மகன் அதில்தான் தூங்கினான். பிறகு மூன்று பேரப்பிள்ளைகள் தூங்கினார்கள். ஒரு கீறல் விழவில்லை. இப்போது நாலாவது வந்திருக்கிறது. இன்றைக்கும் தொட்டில் கட்டி முடித்ததும் அவர் நாணயத்தைத் தேடி எடுத்து, அந்தக் கட்டையை நெடுகத் தட்டிப் பார்க்கிறார். நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன். அதற்கப்புறம்தான் குழந்தையை என் கையிலிருந்து வாங்குகிறார்.