"போறேன்" என்றான் தம்பி

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயம். யாராவது கிளம்பும்போது "போறேன்" என்றால் விடமாட்டேன். "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவேன்.

போன குறுவை அறுப்பு சமயம் என் தம்பி செல்வம் பட்டுக்கோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்தான். சில மாதங்களாகவே அவனுக்குத் தூக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றும் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்க்கா" என்றான்.

"வாயக் கழுவுடா! போயிட்டு வரேன்னு சொல்லு."

சிரித்தான். "சரி, போயிட்டு வரேன். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான்.

காரியம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர் நர்ஸ்தான் பிடிவாதமாக, சுகாதார நிலையத்துக்கு வரும் மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனார். அந்த ஆலோசகர் அம்மா கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். "சரிங்க, போறேன்" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று திடுக்கிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்கக்கா. செத்துப்போயிடலாம்னு தோணுதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அப்படிக் கேட்டாலே அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்தவள் நான். ஆனால் அவர் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. "ஆமாங்க" என்றேன். வெகுநேரம் பேசினேன்.

இப்போதும் அவரிடம் போய்வருகிறேன். தூக்கம் கொஞ்சம் வருகிறது. ஆனால் வாசல் பக்கம் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றுகிறது. அன்று என் தம்பியின் வார்த்தையைத் திருத்தினேன். "உக்காருடா" என்று சொல்லவில்லை.