மைக் செட் வைத்த பிரார்த்தனை

நாங்கள் குடியிருக்கும் ஜெர்மனி ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலிப் பாட்டிலைத் தொட்டியில் போடக் கூடாது. தெருமுனையில் பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று கண்ணாடித் தொட்டிகள் நிற்கின்றன. வார நாளில் போடலாம். ஞாயிறன்று போட்டால் விழுகிற பாட்டில் சத்தம் போடும், சத்தம் கேட்டால் யாராவது ஜன்னலைத் திறந்து நம்மைப் பார்ப்பார்கள். திட்ட மாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான். கதவைச் சாத்தும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே சாத்த வேண்டும். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை எங்கள் கட்டடத்தில் ரூஹெட்சைட், அதாவது அமைதி நேரம். அப்போது மிக்ஸி ஓடக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சட்னி அரைக்க நேரம் பார்க்கிறேன் என்று ஏற்காட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

அந்தக் கட்டடத்தில்தான் என் மகள் நூரி ரீங்காரம் போடுகிறாள். ஒன்பது வயதாகிறது, பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளிருந்து ஒரே ஒரு சுருதியை எழுப்புவாள். பிடித்த சாப்பாட்டைக் கண்டாலும் அதுதான், பயந்தாலும் அதுதான். கேட்டுப் பழகிய எனக்கு மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் பிறர் போடும் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கத்திக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுவாள்.

கீழ்வீட்டு ஃப்ராவ் வேபர் ஒரு மதியம் கதவைத் தட்டினார். தனியாக இருக்கும் வயதான அம்மாள். “இஸ்ட் ஸீ கிராங்க்?” என்று கேட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று அர்த்தம். இல்லை, ஆட்டிஸ்முஸ் என்றேன். அவர் அப்படியா என்று தலையாட்டிவிட்டு, அது ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள்ளும் வருமா என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் கதவைச் சாத்தினேன். மறுநாள் அவர் ஆப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பா எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுச் சொந்தக்காரர் ஃபோன் பண்ணி, பிள்ளையின் சத்தத்தைப் பற்றிக் கட்டடத்தில் பலர் சொல்லும் புகார் தொடர்ந்தால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஆட்டிசப் பிள்ளையோடு அந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஊருக்கே திரும்பிவிட்டால் என்ன என்று நானும் கணவரும் பேச ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் நீ போய்ப் பார், அவளுக்கு அங்கே சரிப்படுகிறதா பார் என்றார். ஈஸ்டர் விடுமுறைக்கு நூரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்ற இடத்தில் காஜா அண்ணனுக்கு மளிகைக் கடை. சேலத்திலிருந்து எங்கள் அத்தா வந்து போட்ட கடை அது. கடைக்கு மேலே நாங்கள் வளர்ந்த இரண்டு அறைகளை இப்போது கோடவுனாக்கிவிட்டார்கள். அண்ணன் மலையிலேயே கொட்டச்சேடு என்ற ஊரில் இடம் வாங்கி வீடு கட்டியிருந்தார். வீட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு எஸ்டேட்டின் காபித் தோட்டம். நாங்கள் போய் இறங்கிய வாரம் கோடை மழை பெய்து காபி பூத்திருந்தது. மலையே மணத்தது. நூரி வாசலில் நின்று மூக்கை உயர்த்தி ரீங்காரம் போட்டாள், சந்தோஷச் சுருதி. பக்கத்துக் காட்டில் ராகி விதைத்திருந்த வெள்ளையம்மா, “இதென்னங்க அம்மிணி, புள்ள தேன்பூச்சியாட்டம் பாடுது! நொம்ப நல்லாருக்குதுங்க” என்றாள். என் மகளின் சத்தத்தை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அன்றே மனசுக்குள் பாதி மூட்டை கட்டிவிட்டேன், ஜெர்மனியைக் காலி பண்ண.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நூரியைத் தண்ணீர் இழுக்கும். குழாயைக் கண்டால் நிற்பாள், குட்டையைக் கண்டால் இறங்குவாள். அண்ணன் வீட்டுக் கிணற்றுக்கு மூங்கில் படல் போட்டுக் கட்டியிருந்தார். நான் காலையும் மாலையும் போய் அந்தக் கட்டுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். “அதெல்லாம் ஆனை வந்தாலும் அவுராது” என்றார் அண்ணன். இந்த மலையில் யானையே இல்லை என்றேன். “அதுக்குத்தான் சொல்றேன்” என்று சிரித்தார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஜெர்மனியில் எங்கள் பகுதித் தேவாலயத்தில் அன்றைக்கு நீல விளக்கு ஏற்றி, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்பார்கள். அதை நான் பேச்சுவாக்கில் சொல்லப்போக, நம்மூரிலும் ஒரு பிரார்த்தனை வைத்துவிட வேண்டியதுதான் என்று அண்ணன் பிடித்துக்கொண்டார். அவருக்கு நூரி மேல் உயிர். பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ கேட்க வருவார், கோயில் பூசாரி வருவார், பாதிரியார் வருவார், எல்லாருக்கும் நெய்ச்சோறு என்று அவரே முடிவு செய்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பேசி, காபி காயவைக்கும் களத்தையும் கேட்டு வாங்கிவிட்டார்.

“புள்ளைக்குக் குணமாகோணும்னு துஆ கேக்கச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“இது நோய் இல்லண்ணே. குணமாக்க என்ன இருக்குது?”

“அப்ப என்னான்னு கேக்கறது? அல்லாகிட்ட இன்னதுன்னு சொல்லிக் கேக்கோணுமில்ல?”

“அவ பத்திரமா இருக்கணும்னு கேக்கச் சொல்லுங்க. அது போதும்” என்றேன்.

களத்தின் மூலையில் சின்ன மேடை போட்டு, பக்கத்தில் கம்பம் நட்டு, கூம்புக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதை அன்று காலையில்தான் பார்த்தேன். சத்தம் ஆகாத பிள்ளைக்காக நடக்கிற பிரார்த்தனைக்கு மைக் செட்டா என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். “மைக் செட்டு இல்லாம ஒரு காரியமா கண்ணு? வந்தவீங்க என்ன நெனப்பாங்க?” என்றார். கடைசியில் என் பிடிவாதம் தாங்காமல் குழாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார், சத்தத்தையும் குறைக்கச் சொன்னார். போதாததற்கு அன்று கரண்ட்டும் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நூரிக்கு அன்று காலையிலிருந்தே சரியில்லை. சத்தமே இல்லாதபோதும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. மத்தியானத்துக்குமேல் கொட்டச்சேட்டுப் பள்ளத்திலிருந்து மஞ்சு, எங்கள் மலையின் மூடுபனி, ஏறி வந்தது. முதலில் சில்வர் ஓக் மரங்களின் அடி மறைந்தது, அப்புறம் உச்சியும் மறைந்தது. களத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் கடைசி வரிசை ஆள் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. சட்டையில் நீல நாடா குத்திய பள்ளிப் பிள்ளைகள் கீழ்க்குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோனை நூரி காதில் மாட்டி, என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். ஹஜ்ரத் கைகளை ஏந்தி, “யா அல்லாஹ், இந்தக் குழந்தையைப் பத்திரமாக வைப்பாயாக” என்று ஆரம்பித்தார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள், பூசாரியும்கூட. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கூம்புக் குழாய் ஒரு அலறல் அலறியது. பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஹெட்ஃபோன் தரையில் கிடந்தது.

முதலில் கிணற்றுக்கு ஓடினேன். படல் கட்டினபடியே இருந்தது. வீட்டுக்குள் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. நான் களத்துக்குத் திரும்பி வருவதற்குள் ஊரே கிளம்பிவிட்டது. எங்கள் மலையில் மஞ்சுக்குள் ஆள் தவறிவிட்டால் தேடும் முறை ஒன்று உண்டு. ஆளுக்கொரு திசையில் பிரிந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு கூவிக்கொண்டே போவார்கள். தவறிய ஆள் அதைக் கேட்டுப் பதிலுக்குக் கூவ வேண்டும், அந்தச் சத்தத்தைப் பிடித்துப் போய்க் கூட்டிவருவார்கள். விறகுக்குப் போனவர்கள், குடித்துவிட்டு வழி மறந்தவர்கள், எத்தனையோ பேர் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நானே சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நம் மலையில் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள் என்று தைரியமாகத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது என் மகளுக்காகக் கூவினார்கள். நாலா பக்கமும் தகரம் அதிர்ந்தது. ரைட்டர் எஸ்டேட்டின் வேலை நேரச் சங்கை ஊதச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். ஜீப்புக்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். மைக் செட்காரர் தன்னால் ஆனதைச் செய்தார்: “நூரி பாப்பா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்! நூரி பாப்பா...” திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற அதே குரல். ஒவ்வொரு சத்தமும் அவளை இன்னும் ஒரு எட்டு தள்ளிக்கொண்டு போவது எனக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பக்கம் பாறைச் சரிவு, ஒரு பக்கம் ரோடு. அன்பால்தான் அத்தனை பேரும் கத்தினார்கள். அந்த அன்பே என் பிள்ளையைக் கொன்றுவிடும் என்று பயந்தேன்.

அண்ணன் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய் வந்தார். அவர் கையைப் பிடித்து, “நிறுத்தச் சொல்லுங்கண்ணே. எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க” என்றேன்.

“என்ன கண்ணு சொல்ற? கூப்புடாம எப்புடித் தேடறது?”

“கூப்பிடறதாலதான் ஓடறா!”

அவருக்கு விளங்கவில்லை. விளக்க எனக்கு நேரமும் இல்லை. நிறுத்து என்று சொன்னாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? நான் மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினேன். நான் போட்ட சண்டையெல்லாம் எந்தக் குழாயை எதிர்த்தோ அதே குழாயில் கத்தினேன். “நான் நூரியோட அம்மா பேசறேன். யாரும் கூப்பிடாதீங்க. தகரத்தைக் கீழ வைங்க, வண்டியை ஆஃப் பண்ணுங்க. நின்ன எடத்துலயே உக்காருங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், கொஞ்ச நேரம் யாரும் வாயே தொறக்காதீங்க.” பிறகு செட்டை அணைக்கச் சொன்னேன்.

சங்கு கடைசியாக நின்றது. மலை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மஞ்சுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மரத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. பிரார்த்தனை என்று அன்றைக்கு ஏதாவது நடந்தது என்றால் அது இதுதான். நான் எதுவும் கேட்கவில்லை, காதை மட்டும் திறந்துவைத்திருந்தேன்.

வெகு தூரத்தில் மெல்லிசாக ஒரு ரீங்காரம் எழுந்தது.

“தேன்பூச்சிங்க அது, காப்பி பூத்திருக்குதில்ல” என்று வெள்ளையம்மா என் காதோரம் கிசுகிசுத்தாள். இல்லை. ஜெர்மனியில் ஒரு கட்டடமே புகார் சொன்ன சத்தம் அது. பயத்தின் சுருதி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் முன்னே நடக்க, வெள்ளையம்மா பின்னால் வந்தாள். சத்தம் காபிப் பழம் கழுவும் கொட்டகைக்கு எங்களைக் கொண்டுபோனது. அறுவடை முடிந்து பூட்டிய கொட்டகை, அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை. அதன் பின்னால் ஒரு கல்தொட்டி, இரண்டு ஆள் ஆழம், கோடை மழையில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. உள்ளே இறங்கும் படியில் நூரி உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை தண்ணீர். காதுகளைப் பொத்தி, கண்களை இறுக மூடியிருந்தாள். அடுத்த படி பாசிக்குள் இருந்தது.

வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். கிடைத்துவிட்டால் மூன்று கூவல் கூவ வேண்டும், அது முறை. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நானும் அந்தச் சுருதியைப் பிடித்தேன். அதற்கு முன் ஒருநாளும் நான் அதைச் செய்ததில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு படி ஏறினாள், இன்னொரு படி ஏறினாள். கைக்கு எட்டியதும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவள் உடம்பு ஜில்லிட்டிருந்தது. அந்த நிமிடத்தில் அவள் ரீங்காரம் நின்றது.

மறுநாளே அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து, அந்தத் தொட்டிக்குத் தன் செலவில் கம்பி வலை அடித்தார். அதன்பின் ஊர் எங்களை எப்படி வைத்துக்கொண்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாங்கள் ரோட்டில் நடந்தால் விளையாடும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள். பஸ்காரர் எங்கள் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. ஒண்டிக்கடைக்குப் போனால் டீக்கடையில் பாட்டை அணைத்துவிட்டு, “கூட்டிட்டுப் போங்க அம்மிணி, மெதுவா” என்றார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் போகிற இடமெல்லாம் எங்களைக் கண்டு சத்தம் அடங்கினால், அந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது? எந்த அமைதிக்குப் பயந்து விமானம் ஏறினேனோ அதையே கையோடு கொண்டுவந்து எங்கள் மலைக்கும் கொடுத்துவிட்டேன். விடுமுறை முடிந்ததும் திரும்பிவிட்டோம்.

வந்த சில நாட்களில், ரூஹெட்சைட் நேரத்தில், ஃப்ராவ் வேபர் கதவைத் தட்டினார். “இஸ்ட் ஸீ கிராங்க்?” என்றார். நாங்கள்தான் சத்தமே போடவில்லையே என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. அவர் தலையை ஆட்டி, மெதுவான ஜெர்மனில், எனக்குப் புரியும்படி சொன்னார்: அதனால்தான் வந்தேன், கீழே எதுவுமே கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கல்தொட்டியிலிருந்து எழுந்துவந்த பிறகு நூரி ரீங்காரம் போடவே இல்லை. பிடித்த சாப்பாட்டைக் கண்டாலும் இல்லை, பயந்தாலும் இல்லை. டாக்டர்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து ஃபோன் வருவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு வந்ததும் காஜா அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிறார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் மஞ்சு ஏறி நிற்கும். “பாடறாளா கண்ணு?” என்பார். “இன்னும் இல்லண்ணே” என்பேன். அதற்குமேல் அவர் பேச மாட்டார், ஃபோனை வைக்கவும் மாட்டார். நான் நூரியை மடியில் இருத்தி அந்தச் சுருதியைப் பிடிப்பேன். அவள் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கீழ்வீட்டில் ஃப்ராவ் வேபர் ரேடியோவை அணைப்பது கேட்கும். அந்தப் பக்கம் ஒரு மலை, இந்தப் பக்கம் ஒரு கட்டடம், இரண்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, மஞ்சுக்குள் தவறிய ஆளைப் போல நடுவில் நான் ஒருத்தி கூவிக்கொண்டிருக்கிறேன்.