அந்தச் ‘சகோதரர் ஒருவர்’ யார்?

போன ஞாயிறு ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று கிழவர்கள் ஆளுக்கொரு மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சூப் குடித்தார்கள். காரணம்? சாட்சாத் நானேதான்.

என் மனைவி அங்கே நேர்ஸ். மெல்பேர்னில், கிளேட்டனிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். நடத்துபவர்கள் மெனனைட்டுகள். போருக்குப் போகமாட்டார்கள், சத்தியம் செய்யமாட்டார்கள், தற்பெருமை என்றாலே பாவம் என்று ஒதுங்கும் கிறிஸ்தவர்கள். இல்லத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசை. ஆனால் எழுத ஒருவரும் முன்வரவில்லை... எழுதுகிறவர் பெரிய ஆளாகிவிடுவாராம்! “எங்கட ஆள் எழுதுவார்” என்று மனைவி என்னைத் தாரைவார்த்துவிட்டாள்.

ஒரே நிபந்தனை. புத்தகத்தில் யார் பெயரும் வரக்கூடாது.

எனக்குத் தலை சுற்றியது. மெல்பேர்ன் தமிழர் மொத்தப் பேரையும் இரண்டு வான் வண்டிகளில் ஏற்றிவிடலாம் என்கிற இந்த எழுபதுகளிலேயே நமக்குச் சங்கம் இரண்டு. பொங்கல் மலரில் தன் படம் சின்னதாகிவிட்டது என்று ஒரு பொருளாளர் முதல் சங்கத்தை உடைத்ததால் வந்தது இரண்டாவது. பெயரில்லாமல் ஒரு வரலாறா?

பேட்டி எடுக்கப் போனால் அது பெரிய கூத்து. கட்டடத்தைக் கட்டியது யார் என்றால், அந்த மூன்று கிழவர்களில் பீட்டர் என்பவர், ஹென்றியைக் கை காட்டினார். ஹென்றி யேக்கப்பைக் காட்டினார். யேக்கப்புக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவர் மட்டும் என்னை முன்வாசலுக்குக் கூட்டிப்போய், அந்தப் பெரிய மரக்கதவைத் தடவிக்கொடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இது நான் செய்தது. பெயர் வேண்டாம். ஆனால் யாரோ ஒருவர் செய்தார் என்றாவது எழுதுவீர்களா? எனக்குப் பிறகு சொல்ல ஆளில்லை.”

மனசு கரைந்துவிட்டது. ‘முன்வாசல் கதவைச் சகோதரர் ஒருவர் தம் கையாலேயே செய்தார்’ என்று எழுதினேன். இல்லத்துக் கமிட்டியும் தலையாட்டியது.

புத்தகம் வந்தது. நானும் போயிருந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் யேக்கப் அந்தப் பக்கத்தை விரித்து, பக்கத்துக் கதிரையில் இருந்த பீட்டரிடம் மெல்லக் காட்டினார். “இது நான்தான்.”

பீட்டர் கரண்டியைக் கீழே வைத்தார். பலகை அறுத்தது தானாம். அப்படியென்றால் இழைத்துப் பூட்டியது யாரென்று கேட்டார் ஹென்றி. போருக்கே போகாத ஆட்கள் அல்லவா... கத்தவில்லை, கை ஓங்கவில்லை. சூப் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான். நானோ குற்றவாளி மாதிரி நடுவில் நின்றேன். ஒரு கிழவரின் கடைசி ஆசையை நிறைவேற்றப் போய், இருந்த இரண்டு சிநேகிதர்களையும் பிடுங்கிவிட்டேனே!

நேற்று மனைவி வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “பீட்டர் இப்ப வாசல்லதான் இருக்கிறார். வாற ஆக்களிட்டையெல்லாம், ‘இந்தக் கதவைத் தானே செய்ததெண்டு யேக்கப் சொல்லுவார், நம்பாதேங்கோ’ எண்டு சொல்லுறார்.”

யேக்கப்புக்கு இனி என்ன கவலை? பெயர் நிலைக்க வேண்டுமென்றால் புத்தகம் எதற்கு — வாசலில் ஒரு எதிரி போதும்.