நேராக நின்றபோது எடுத்த அளவு

பால் கேன் இரண்டைத் தொங்கவிட்ட மொபெட் ஒன்று எங்களைக் கடந்து ஏரிக்கரை மேட்டில் ஏறிப் போனபோதுதான் எனக்கு அது உறைத்தது. கோளாறு இன்ஜினில் இல்லை, டயரில்.

பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியைத் தாண்டி, மழையில் ஊறிய செம்மண் சரிவு அது. எங்கள் ஜீப் பாதி மேட்டில் நின்று, நான்கு சக்கரங்களாலும் சேற்றை அரைத்துக்கொண்டிருந்தது. ராணுவம் கழித்துவிட்ட அந்த ஜீப்பை நானும் நண்பனும் சேர்ந்து வாங்கியிருந்தோம். ஒரே வண்டிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்பதால் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, தேறும் தேறாது என்று சொல்பவன். நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன்.

மேலே போன பால்காரர் மொபெட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "ஏன் சார், கயிறு கொண்டாரட்டுமா, இல்ல அங்கயே நட்டுடறீங்களா?"

பங்காளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதோ பாரு, இது மூணாவது வாரம். அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை வருவோம். அப்பவும் ஏறலன்னா வித்துடலாம். ஆளுக்கொரு பைக் வாங்கிக்கலாம். மனுஷன் எத்தனை சட்டையைத் துவைக்கறது?"

எனக்கு அந்த ஜீப்பை விட மனமே இல்லை. ஒரு வாரம்தான் இருந்தது.

எங்கள் ஆபீஸில் இன்டர்நெட் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரில். மதிய உணவை விட்டுவிட்டு அதன்முன் உட்கார்ந்தேன். வெளிநாட்டு ஜீப் ஒன்றின் படம் திரையில் மேலிருந்து கீழே, வரிவரியாக, என் பொறுமையைச் சோதித்தபடி இறங்கியது. முதலில் வானம், அப்புறம் கூரை, கடைசியில் டயர். அடேயப்பா! ஆட்டுக்கல் அகலத்துக்கு ஒவ்வொன்றும். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சிவாஜிநகர். பழைய டயர், ரிம் விற்கும் கடைக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"இந்த அகலம் இருக்குது பாய். அஞ்சு போல்ட்டும் உங்களுக்கு உக்காரும். ஆனா வண்டிக்கு ஒத்துக்குமா?"

"அளந்துட்டுச் சொல்றேன்" என்றான் பங்காளி, பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தபடி. ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னான். சக்கரத்துக்கும் அடியிலிருக்கும் ஸ்பிரிங் பட்டாவுக்கும் இடையே, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே என்று மில்லிமீட்டர் சுத்தமாக எழுதிக்கொண்டான். பிறகு பேனாவை மூடி, "பாஸ்" என்றான். தொழிற்சாலையிலும் அப்படித்தான் சொல்வானாம்.

அகல டயர்கள் ஏறின. ஜீப் திடீரென்று தோளை விரித்து நிற்பதுபோல் இருந்தது. கடை வாசலில் முன்னும் பின்னும் பத்தடி ஓட்டிப் பார்த்தேன். அருமை!

"கொஞ்சம் ரவுண்டு அடிச்சிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். "உங்க பழைய ரிம்மை உள்ள எடுத்து வைக்கல. வாசல்லயே இருக்கட்டும்."

அதை ஏன் சொன்னார் என்பது பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் புரிந்தது. ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தேன். கர்ர்ர் என்று டயர் பட்டாவில் போய் உரசி, அதற்குமேல் திரும்ப மறுத்துவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "திருக்ஸி சுவாமி, திருக்ஸி!" என்று வண்டியைத் திருப்பச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா தமிழில் கேட்டார்: "ஏம்ப்பா, இது ஜீப்பா, தேரா? கட்டை போட்டுத் திருப்ப ஆள் வரணுமா?"

பங்காளி டேப்பைப் பைக்குள் மறைத்துக்கொண்டான். "நேரா நிக்கும்போது சரியாத்தான்டா இருந்தது!"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் மேஜைக்கு வரும் உருப்படி எதுவும் திரும்பாது. நானோ, புரோகிராம் ஒருமுறை நேராக ஓடிவிட்டால் முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்புகிற ஆள். இரண்டு பேரின் தொழிலும் சேர்ந்து ஒரு பஸ் ஸ்டாண்டை மறித்திருந்தன.

பஸ் ஒதுங்கியதும் ரிவர்ஸ் எடுத்து, அகலமான வளைவாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கடைக்கு வந்தோம். கடைக்காரர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அப்போது வாசலில் சாய்த்து வைத்திருந்த எங்கள் பழைய ரிம்களைப் பார்த்தேன். ஒல்லி. அந்த மொபெட்டின் டயரும் ஒல்லிதானே? எங்கள் பழைய டயர் ஒல்லியாக இருந்தும், பல் தேய்ந்துபோனதால் சேற்றின்மேல் வழுக்கியது. மொபெட் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த கெட்டி மண்ணைப் பிடித்து ஏறியது. ஒரு வாரமாக நான் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, வரிவரியாக இறங்கிய படத்தை நம்பியிருக்கிறேன்.

"பாய், இந்தப் பழைய ரிம்முக்கே, கட்டி கட்டியா பல்லு இருக்கற ஒல்லி டயர் கிடைக்குமா?"

"அரே, அதைத்தானே மொதல்லயே எடுத்து வெச்சேன்" என்று உள்ளேயிருந்து உருட்டி வந்தார். "நீங்க படம் கொண்டாந்தீங்க. படத்தோட சண்டை போட முடியுமா?"

இந்த முறை பங்காளி ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லி, வண்டி தரையில் நிற்க, மறுபடி அளந்தான். "பாஸ்" என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடு இன்னும் மோசமாக இருந்தது. முதல் முயற்சியில் முக்கால்வாசி போய் வழுக்கினோம். பங்காளி வாட்சைப் பார்த்தான். விற்பதற்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

"காத்து எவ்வளவு அடிச்சே?" என்று கேட்டேன்.

"முப்பது பவுண்டு. கல்லு மாதிரி இருக்கட்டும்னு."

"கொஞ்சம் இறக்கலாம். டயர் பரந்து உக்காந்தாத்தான் அந்தப் பல்லெல்லாம் மண்ணுல படும்."

"நேத்து ஒல்லின்னே, இன்னிக்குப் பரந்துங்கறே!"

முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, வால்வை அழுத்தி, கேஜ் வைத்து நான்கையும் துல்லியமாகப் பதினெட்டுக்கு இறக்கினான். முதல் கியரில் மெதுவாக விட்டேன். ஜீப் ஒரு முறை உறுமிற்று, இடப்பக்கம் சாய்ந்தது, பிடித்தது, ஏறியது! மேலே போய் நின்றபோது பங்காளி டாஷ்போர்டைத் தட்டித் தட்டிக் கத்தினான். விற்கும் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

வீடு திரும்பத் தார் ரோட்டுக்குக் காற்று வேண்டுமே என்பது அப்புறம்தான் உறைத்தது. எதிரே வந்த பால்காரரிடம் ஒரு சைக்கிள் பம்பு இருந்தது. முறை வைத்து அடித்தோம். கை கழன்றுவிடும் போல இருந்தது.

என் முறை முடிந்து நிமிர்ந்தால் பங்காளியைக் காணோம். கரைக்கு அந்தப் பக்கம், ஏரி வழிந்து ஓடும் கால்வாயின் ஓரத்தில், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஒரு குச்சியை நட்டு டேப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பங்காளி! தண்ணி முக்கால் சக்கரம்தான்டா இருக்கு. அடுத்த வாரம் இதைத் தாண்டிப் பார்ப்போமா?"

"ஓடற தண்ணிடா அது" என்று கத்தினேன். "நடுவுல போய் அள!"